ஜெனரலுக்காக ஏறிய படிகள்

முப்பது நாளுக்குள் சேவல் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர் நீதிபதி டன்கன் தீர்ப்புச் சொன்னதும் லெஸ்டருக்குத் தலை சுற்றியது. ஜெனரல் வெறும் சேவலா? மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரோடு பேசும் ஒரே ஜீவன்.

"நாலு மணிக்கே பேசுதே, எனக்கும்ல கேக்குது," என்றாள் வழக்குப் போட்ட பக்கத்து வீட்டு மேவிஸ்.

லெஸ்டர் மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் செய்தார். ஜெனரலின் சாது குணத்தைக் காட்டக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போனார்.

"புதுச் சாட்சியெல்லாம் இங்க கிடையாது. கீழ்க்கோர்ட்டு காகிதத்தை மட்டும்தான் பார்ப்போம்," என்றார் நீதிபதி.

ஜெனரல் குறுக்கே கூவியது. தீர்ப்பு மாறவில்லை. கோழிகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் ஒரு பலகை மட்டும் புதிதாக வந்தது.

"தலைநகர் ஹெலினாவுக்கே போறேன். அங்க ஏழு நீதிபதிங்க. நாலு பேருக்காவது மனசு இருக்காதா?" என்றார் லெஸ்டர்.

இருந்தது. லெஸ்டரின் சாட்சிகளை டன்கன் பேசவே விடவில்லை என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. வழி நெடுகப் பாடிக்கொண்டே காரை ஓட்டிவந்து, ஊர் கோர்ட்டு குமாஸ்தா ஆர்லீன் முன்னால் நின்றார்.

"ஜெயிச்சிட்டேன் ஆர்லீன்."

"எங்க ஜெயிச்சீங்க? மறுபடி விசாரிக்கச் சொல்லி இங்கேயே திருப்பி அனுப்பியிருக்காங்க."

"அதே டன்கன்கிட்டயா?"

"அவர் இந்த வருஷத்தோட ஓய்வு. நவம்பர்ல நடக்கிற நீதிபதி தேர்தல்ல நிக்கிறது ஓர்வில் ஒருத்தர்தான்."

ஓர்வில் வக்கீல் இல்லை; எங்கள் ஊரில் நீதிபதியாக வக்கீல் படிப்பு தேவையும் இல்லை. அவர் பண்ணையில் நாற்பது சேவல்கள். லெஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசாரணையைப் புது நீதிபதி வரும் ஜனவரிக்குத் தள்ளிவைக்க மனுக் கொடுத்துவிட்டு, ஜெனரலுக்கு அன்று இரண்டு மடங்கு சோளம் போட்டார்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலையிலேயே ஆர்லீனிடம் ஓடினார்.

"ஓர்வில் எப்பப் பதவியேற்கிறார்?"

"அவர் தோத்துட்டார். ஜனங்க ஓட்டுச்சீட்டுல உங்க பேரைக் கையால எழுதி உங்களை ஜெயிக்க வச்சிட்டாங்க. மூணு கோர்ட்டு பார்த்தவராச்சே."

லெஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ ஜெனரல் கேஸுக்கு நானே தீர்ப்பு சொல்லலாம்."

"சொந்தக் கேஸை நீங்க தொடவே கூடாது. அது மாற்று நீதிபதிக்குப் போகும். ஓய்வுக்கப்புறம் நம்ம ஊருக்கு மாற்று நீதிபதி டன்கன்தான்." ஆர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதுக்குத்தானே மேவிஸ் ஒரு மாசமா வீடு வீடா ஏறி உங்களுக்கு ஓட்டுக் கேட்டாங்க."