பொங்கலுக்கு நின்ற வரிசை

மாமனார் முன்னிலையில் எந்தச் சாதனத்தையும் முதன்முறையாக இயக்கிக் காட்டக் கூடாது. இதை யாராவது கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

சென்னையில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கினேன். உள்ளே கட்டில், சமையல் மேடை, கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தி, கேம்பர் வேன் என்று பெயர் சூட்டி, சுற்றுலா போகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாக அறிவித்தேன். வேங்கிக்காலில் இருக்கும் என் மாமனார் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம். மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது?

வேனையே பதிலாகக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பௌர்ணமியன்று மதியம் மாமா, அத்தை, மனைவி கீதா மூவரையும் ஏற்றிக்கொண்டு போய், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினேன். வேனிலேயே பொங்கல் செய்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மலை சுற்றுவதாகத் திட்டம்.

முதலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். தீ அணைந்தால் கேஸ் தானாகவே நின்றுவிடும், அப்பேர்ப்பட்ட பாதுகாப்பான அடுப்பு என்றேன். மாமா தலையாட்டினார். பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. திருகிலிருந்து கையை எடுத்தேன். அணைந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி அணைந்தது.

குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்றேன். பிறகு ரெகுலேட்டரைக் குறை சொன்னேன். அதைக் கழற்றி மாட்டினேன். ரப்பர் குழாயை உருவி, ஊதி, திரும்பச் செருகினேன். இப்போது லேசாக கேஸ் வாசம் வந்தது. (அதுவரை இல்லாத பிரச்சினை. முழுக்க என் சொந்தத் தயாரிப்பு.)

சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் இறங்கச் சொன்னேன். அத்தை அரிசியும் பருப்பும் போட்ட குக்கரோடு இறங்கினார். மாமா கையில் கரண்டி இருந்தது. கீதா கையில் தொன்னைக் கட்டு. மூவரும் பின்கதவருகே போய் நின்றார்கள்.

பௌர்ணமியன்று அந்தப் பாதையில், வண்டிக்குப் பின்னால் ஒருவர் கரண்டியோடு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அன்னதானம்.

அது தெரியாமல் நான் உள்ளே கசிவைத் தேடிக்கொண்டிருந்தேன். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும் என்பார்கள். சோப்பு இல்லாததால் ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்தேன். தாராள மனசு எனக்கு. கேஸ் திறப்பதற்கு முன்பே எங்கு பார்த்தாலும் குமிழி. கடைசியில் தளர்ந்திருந்த கிளிப்பைக் கண்டுபிடித்து முறுக்கினேன். வாசம் நின்றது. அடுப்பு மட்டும் பழைய கொள்கையிலிருந்து மாறவில்லை.

கீதா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வெளியே வரிசை நிக்குது."

"எதுக்கு?"

"உங்க பொங்கலுக்கு."

ஜன்னல் வழியே பார்த்தேன். வரிசை ரோடு வரை போயிருந்தது. இல்லையென்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே என்றேன்.

"அப்பா 'கொஞ்ச நேரம் ஆகும், இருங்க'னு சொல்லிட்டாரு."

யாரைக் கேட்டுச் சொன்னார் என்று நானும், ஊரையே கூட்டியது யார் என்று அவளும் வாதாடத் தொடங்கினோம். பற்றவைத்த அடுப்பின் திருகை, இருந்த கோபத்தில் அழுத்திப் பிடித்தபடியே நான் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் குரல் இறங்கியது.

"ஏங்க, எரியுது."

கையை எடுத்தேன். அணையவில்லை.

அடுப்பில் தீ எரிகிற இடத்தருகே சின்னக் கம்பி ஒன்று உண்டு. அது சூடாகும்வரை திருகை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சூடாகவில்லையென்றால் தீ இல்லை என்று நினைத்து கேஸை நிறுத்திவிடும். நான் சொற்பொழிவாற்றிய அதே பாதுகாப்பு. பொருத்திய அன்று மெக்கானிக் இதைச் சொல்லிக் காட்டியபோது, நான் வேனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குக்கரின் ஒவ்வொரு விசிலுக்கும் வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது. நாலு பேருக்கான பொங்கலை மாமா கரண்டி நுனியால் பரிமாறினார். ஒருவர் தொன்னைக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இவ்ளோதானா?" என்றார்.

"பிரசாதம்னா கம்மியாத்தாங்க இருக்கும்" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

பொங்கல் தீர்ந்தது. மிச்சமிருந்தவர்களுக்கு அத்தை வாழைப்பழத்தை நறுக்கிக் கொடுத்தார். நாங்கள் மலை சுற்றும் வழியில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். மாமா கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள. அதப் பத்தித் தெரிஞ்ச ஆள் ஒருத்தர வேலைக்கு வச்சிக்கங்க."

சொன்னதோடு நிற்காமல், அந்த ஆளாக அவரே சேர்ந்துகொண்டார். இன்று வாடகைக்கு வருகிற எல்லோருக்கும் அடுப்புப் பாடம் எடுப்பது அவர்தான்.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் பந்தி தாமதமானாலும், "உள்ளே யாரு, வேன் மாப்ளயா?" என்று ஒரு குரல் வரும். அண்மையில் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாதவர், இந்தக் கதை முழுவதையும் என்னிடமே சொல்லிச் சிரித்தார். அவர் கணக்கில் வரிசை செங்கம் ரோடு வரை போயிருந்தது. அந்த மாப்பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டார்.

"கேள்விப்பட்டிருக்கேங்க" என்றேன்.

எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமா, சாம்பாரைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"இவருதாங்க அது. நம்ம மாப்ள."