பென்சிலில் எழுதிய பெயர்

எமனைக் கண்டுகூட எங்கள் திருத்தணியில் யாரும் அவ்வளவு பயந்ததில்லை. ரைட்டரைக் கண்டுதான் பயந்தார்கள். அவர் தெருமுனையில் தெரிந்தால் போதும், ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ளும்.

யுத்த காலம். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதுகிற வேலை அவருக்கு, நான் கம்பவுண்டர். வாய்ப்புற்றுக்காரர்களுக்கு மட்டும் அவர் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், தொழில், புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவாய் என்று நாலு கேள்வி. இந்த நோய் எந்த ஊரில் அதிகம், ஏன் அதிகம் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம். டாக்டரே கேட்காத வேலை.

ஒருநாள் நோட்டைப் புரட்டியவர் முகம் வெளுத்துவிட்டது. "நைனா, திருத்தணியில ஒருத்தருக்கும் இல்ல. அத்தினி பேரும் மணவூரு!"

மறுநாளே ரயிலேறி மணவூர் போனார். சாயங்காலம் பேயறைந்தவர்போலத் திரும்பி வந்தார். "வீடு வீடா கேட்டுட்டேன். நோட்டுல கீற ஒருத்தன்கூட அந்த ஊர்ல பொறக்கவே இல்லியாம்."

அப்படியானால் வந்துபோனவர்கள் யார்? அந்த வாய்களையெல்லாம் மருந்து போட்டுக் கழுவியவன் நான்தானே?

விஷயத்தை உடைத்தவள் ஆஸ்பத்திரி ஆயா. "பொண்ண வெச்சிக்கினு கீறவங்க சொந்த ஊர சொல்லுவாங்களா? சம்பந்தம் நின்னுடாது? ரயிலு நிக்கிற ஊரா பாத்து ஒண்ண சொல்லிட்டுப் போறாங்க."

பெயரும் பொய், ஊரும் பொய். கன்னம் மட்டும் பொய் சொல்லவில்லை. புகையிலையை அடக்கிய பக்கத்தில்தான் எல்லோருக்கும் புண். அன்றிலிருந்து ரைட்டர் தெருத்தெருவாகப் போய்க் கன்னங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். தறியில் கை ஒழியாத நெசவாளர்கள் காலையில் அடக்கியதைப் பொழுது சாய்ந்துதான் துப்புவார்கள். அவர்கள் ஜன்னலில் சத்தமில்லாமல் போய் நிற்பார். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை சிரித்தால் எழுந்து போய், "எடதா, வலதா?" என்பார். அதற்குமேல் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்குமா? அவர் பார்த்த வாய் அழுகும் என்று ஊர் பேசியது. பார்க்கப்பட்டவர்களில் இரண்டு பேர் ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்ததும், கேலி செய்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

நானும் கேலி செய்தவன்தான். ஒரு காலை அவர் இல்லாத நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர். திருத்தணி. கம்பவுண்டர். இடது.

நாக்கால் இடது கன்னத்தைத் தடவினேன். காலையில் அடக்கிய புகையிலைக்கு அடியில் சொரசொரவென்று இருந்தது. நிமிர்ந்தால் வாசலில் ரைட்டர்.

"ரைட்டரய்யா, நான் உசுரோடதான கீறேன்?"

"ஆங், அதனாலதான் பென்சில்ல எழுதிக்கீறேன். நோவு வந்துட்டவங்களுக்குத்தான் மசி. கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு கீது, நைனா. நாலு மாசமா பாத்துக்கினு கீறேன். மொதல்ல அத்த துப்பு."

துப்பினேன். அதன்பின் தினமும் காலையில் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வார். பார்ப்பார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்குப் பாதி உயிர் போய்விடும். மூன்றாம் மாதம் ஒருநாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டையும் ரப்பரையும் என் பக்கம் நகர்த்தினார்.

"திட்டு போயிடுச்சி. நீயே அழிச்சிடு, நைனா. எனக்குக் கை ஆடுது."

அத்தனை பெயர்களையும் ஆடாமல் மசியில் எழுதிய கை அது. எனக்காக மட்டும் ஆடியது.