பல் அக்காவின் வாய்மூடிப் போராட்டம்

பல் ஜெயந்தினியின் உள்ளங்கையில் கிடந்தது. மேல் வரிசையில், நட்டநடுவில், சிரித்தால் ஊருக்கே முதலில் தெரிகிற பல். ரொட்டிக்குத் தொட்டுக்கொண்ட கட்டச் சம்பலில் சரியாக இடிபடாமல் கிடந்த மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்று காலையிலேயே வேலையைக் காட்டிவிட்டது.

வேறு யாருக்காவது உடைந்திருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியைப் பிய்த்திருக்கலாம். உடைந்தது பல் அக்காவுக்கு! மலையகத்து ஹட்டனில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருபது வருடமாக விடாமல் காட்டிக்கொண்டிருக்கிற 'கொழுந்துக் கூட்டம்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் பல் விளக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள்தான். பொகவந்தலாவை முதல் மஸ்கெலியா வரை எந்தத் தோட்டத்து லய வீட்டில் எந்தப் பிள்ளை முரண்டு பிடித்தாலும் "பல்லு அக்காகிட்ட சொல்லிருவேன்" என்றுதான் மிரட்டுவார்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டால் பிள்ளைகள் ஈ என்று பல்லைக் காட்டும். அவளும் பதிலுக்கு ஈ என்று காட்ட வேண்டும். அதுதான் முறை.

அதுவும் எப்போது உடைந்தது? நாளைக்கு நிகழ்ச்சியின் இருபதாவது ஆண்டு விழா, நேரடி ஒளிபரப்பு. இன்றைக்கு ஒத்திகை. இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது, இன்னும் புதுப்பித்துத் தரவில்லை. ஓட்டைப் பல்லோடு நிற்கிற பல் அக்காவை எந்த மடையன் வேலைக்கு வைத்திருப்பான்?

ஹட்டனில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பெஞ்சில் தாய்மாரோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அவளுடைய ரசிகர்கள். ஒரு பொடிசு பார்த்தால் போதும், மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிடும். எனவே மலைக்குக் கீழே, கினிகத்தேனையில் இருக்கிற ஒரு பல் வைத்திய நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது அங்கே உதவியாளராக இருக்கிற றோசலின்.

"முன்பல்லு உடைஞ்சிருச்சுங்க. நாளைக்குள்ள ஒட்டியாகணும்."

"அதுக்கென்னம்மா, சாயந்தரம் வாங்க. டாக்டரம்மா கைராசிக்காரங்க. ஒட்டுன எடமே தெரியாது."

ஜெயந்தினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயந்தரம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அது பெரிய காரியமா? அவளைத் தெரிந்தவர்களைக் கேட்டால், பெரிய காரியந்தான் என்பார்கள்.

முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். டைரக்டர், மனேஜர் எல்லாம் நிரஞ்சன் என்கிற ஒரே ஆள். அவன் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் நின்றாள். சின்ன வயது, நல்ல உடுப்பு. சிரித்தாள் பாருங்கள், முத்துக் கோத்த மாதிரி பல்!

"அக்கா, இவங்க தனுஷிகா. நாளையிலருந்து நம்ம புரோகிராம்ல பல்லு விசயமெல்லாம் இவங்கதான்..." என்று நிரஞ்சன் தொடங்கியபோது அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அப்படியா சங்கதி! ஒப்பந்தம் ஏன் வரவில்லை என்று ஜெயந்தினிக்கு இப்போது விளங்கிவிட்டது. வாயிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். வாயைத் திறந்தால் அந்த நிமிடமே வேலை போய்விடும்.

நிரஞ்சன் திரும்பி வந்தான். "மாஸ்க்க கழட்டுங்கக்கா, லைட்டு பாக்கணும்."

கழற்றினாள். உதட்டை ஒட்டிவைத்த கடித உறை மாதிரி மூடிக்கொண்டாள்.

"எங்க, அந்த மொதல் வரிய சொல்லுங்க."

தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"தொண்ட கட்டிருச்சா? நாளைக்கு நேரடியாச்சே! இருங்க, கொத்தமல்லி போட்டுத் தரச் சொல்றேன். வாயில ஊத்திக் கொப்பளிங்க."

கொப்பளிப்பதா? வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொத்தமல்லித் தண்ணீர் வந்தது, ஆறியது, ஈ விழுந்தது. அவள் தொடவில்லை. நிரஞ்சனின் முகம் மாறியது.

இதற்கிடையில் அந்தத் தனுஷிகா அவள் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து, "அக்கா, கொஞ்சம் வாயத் தொறங்களேன், என்னன்னு பாக்குறேன்" என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம்! இடத்தைப் பிடிக்க வந்தவள் தொண்டையையும் பார்த்துவிட்டுத்தான் போவாளாம். ஜெயந்தினி முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள்.

இதையெல்லாம் மேசைக்கு அடியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியாஸ். கம்பளியான் என்கிற கரடிப் பொம்மைக்குள் இருபது வருடமாகக் கையை விட்டுக்கொண்டிருக்கிறவர். அதற்கு முன் தோட்டத்தில் பேர் போட்டுக் கூலி வேலை செய்தவர், தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவர். தோட்டத்தில் எவனாவது வேலை நேரத்தில் பேசாமல் நின்றால் அதற்குப் போராட்டம் என்ற ஒரே அர்த்தம்தான் என்று பழகிய மனிதர்.

"என்ன தாயி, என்ன நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பேசாமல் இருங்கள் என்று ஜெயந்தினி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

மத்தியாஸ் புதுப்பெண்ணைப் பார்த்தார், நிரஞ்சனைப் பார்த்தார், உதட்டு விரலைப் பார்த்தார். அவர் கண் பளிச்சென்றது. "வெளங்கிருச்சு தாயி. நீ தனியா இல்ல."

அடுத்த நிமிடம் கரடி வாயை மூடிக்கொண்டது. நிரஞ்சன் கெஞ்சினான், கத்தினான். கரடி அசையவில்லை. பாட்டுப் போடுகிற பையனும் கைகட்டி நின்றான். கமராக்காரரும் வாயை மூடிக்கொண்டார். என்ன காரணம் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் செய்கிறபோது தான் மட்டும் எப்படிப் பேசுவது?

மத்தியாஸ் பால்கனிக்குப் போய் ஒரு போன் போட்டார். அதற்கு மட்டும் வாயைத் திறந்தார்.

சங்கக் காரியாலயம் அடுத்த தெருவில்தான். அன்றைக்குப் பார்த்துக் கூட்டத்துக்கு வந்திருந்த தோட்டத் தலைவர் செல்லசாமி, கொடியும் ஆளுமாகப் படியேறி வந்துவிட்டார். படியில் இடம் போதாமல் மிச்சப் பேர் பெயின்ட் கடைக்கு முன்னால் நின்றார்கள்.

"தொறக்க மாட்டோம், தொறக்க மாட்டோம்! நியாயம் கெடைக்காம வாயத் தொறக்க மாட்டோம்!" என்று அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு கத்தினார்கள்.

"எங்க வூட்டுல பேரப்புள்ள தெனமும் உங்க பேரச் சொல்லித்தான் பல்லு வெளக்குது தங்கச்சி. உங்கள வுட்ருவோமா?" என்றார் செல்லசாமி.

ஜெயந்தினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே வாயைத் திறக்க வேண்டும். இது போராட்டம் இல்லை ஐயா என்று எழுதிக் காட்டலாம் என நினைத்து மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். செல்லசாமி பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"அடடா, என்ன காரியம் பண்றீங்க! எதுலயும் கையெழுத்து வைக்கக் கூடாது! எங்க அப்பன் காலத்துலருந்து இப்படி வச்சித்தானே மோசம் போனோம்!"

"ஐயா, அவங்க எழுதத்தான்..." என்றான் நிரஞ்சன்.

"எழுதச் சொல்லி அமுக்கிப் பாக்குறீங்களா தம்பி?"

கீழே கோஷம் கூடியது. வெளியே போனால் தப்பிக்கலாம் என்று ஜெயந்தினி கதவுப் பக்கம் நடந்தாள். "வெளிநடப்பு! வெளிநடப்பு!" என்று கைதட்டி, அவளை அப்படியே தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் ஒரு மாலையையும் போட்டுவிட்டார்கள். மாலை எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பேச்சுவார்த்தை தொடங்கியது. செல்லசாமி கேட்பார், ஜெயந்தினி தலையை ஆட்டுவாள், நிரஞ்சன் வியர்ப்பான்.

"தங்கச்சி, ஒங்க வேல நெரந்தரமாகணுமா?"

அதில் என்ன பொய்? ஆட்டினாள்.

"பல்லு அக்கான்னா நீங்க ஒருத்தர்தானே? வேற ஆள் கூடாதுல்ல?"

ஆட்டினாள்.

"அப்ப இந்தப் புதுப் பொண்ணு வெளிய போகணும். சரிதானே?"

ஜெயந்தினி தனுஷிகாவைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு மூலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிரண்டு போய் நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பல்வரிசை! இன்றைக்கு விட்டால் நாளைக்குத் தன் இடத்தில் நின்று அது ஈ என்று சிரிக்கும். பிள்ளைகளும் அதைப் பார்த்துத் திரும்பச் சிரிக்கும். இருபது வருடம் ஒரே நாளில் மறந்து போகும். பயம் வந்தால் மனுசருக்கு நல்ல புத்தி எங்கே வரும்?

ஆட்டினாள். கொஞ்சம் பலமாகவே ஆட்டினாள்.

"ஐயா, நீங்க தப்பா நெனைக்கிறீங்க! இவங்க அதுக்கு வரல. இவங்க வந்து..." என்று நிரஞ்சன் பதறினான்.

"பேச்ச மாத்தாதீங்க!" என்று செல்லசாமி மேசையில் குத்தினார். "மொதல்ல அந்தப் புள்ளைய அனுப்புங்க, அப்புறம் பேசலாம்!"

"வெளியே போ! வெளியே போ!" என்று படியெல்லாம் கூச்சல். தனுஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனாள். ஜெயந்தினி தரையைப் பார்த்தாள். மனது ஒரு மாதிரி குறுகுறுத்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள்.

நிரஞ்சனால் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? பாதி ஹட்டன் கீழே நிற்கிறது. பெயின்ட் கடை முதலாளி வேறு வியாபாரம் கெட்டது என்று மேலே வந்து குதிக்கிறார். செல்லசாமி சொல்லச் சொல்ல அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஜெயந்தினி தானாகப் போகிறேன் என்று சொல்லும்வரை அவளை யாரும் நீக்க முடியாது. அதோடு விட்டாரா மனிதர்?

"நாளைக்கு நேரடியில ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் தங்கச்சிதான் பேசணும். வேற ஆளு வாயத் தொறக்கக் கூடாது. கமரா அவங்க மொகத்தக் கிட்டத்துல காட்டணும். பல்லெல்லாம் தெளிவா தெரியணும். எங்க தோட்டத்துல பெரிய திரை கட்டிப் பாக்கப் போறோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஜெயந்தினி மூடிய வாய்க்குள்ளேயே நாக்கால் ஓட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"பேசுங்க தங்கச்சி! இப்பவாச்சும் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுங்க!"

கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மத்தியாஸ் கரடியின் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். கூட்டம் தேத்தண்ணி குடிக்கக் கலைந்ததுதான் தாமதம், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பின்படியால் இறங்கி ஓடினாள்.

பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. வட்டவளை தாண்டி வளைவுகளில் இறங்க இறங்க அவளுக்கும் மூச்சு இறங்கியது. யோசித்துப் பார்த்தால் நடந்தது நல்லதுக்குத்தானே? வேலை நிரந்தரம். போட்டிக்கு ஆளில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பல்லும் வந்துவிடும். டாக்டரம்மா கைராசிக்காரியாம். அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கேயாவது நல்ல வேலை கிடைக்காமலா போகும்? நாளைக்குக் கோவிலில் அவள் பேருக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பஸ் கண்ணாடியில் பார்த்து, மாஸ்க்குக்குள்ளேயே ஒரு தடவை ஈ என்று சிரித்துப் பழகிக்கொண்டாள்.

கினிகத்தேனையில் இறங்கி, பஜாரைத் தாண்டி, பல் வைத்திய நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் ஒரு பெண் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"றோசலின்தானே? காலையில போன் பண்ணது நான்தாங்க. முன்பல்லு. டாக்டரம்மா உள்ள இருக்காங்களா?"

றோசலின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவளின் மாஸ்க்கைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அத ஏன் கேக்குறீங்க, எங்க தனுஷிகா டாக்டரம்மா காலையில புள்ளைங்க புரோகிராமுக்கு நல்லது சொல்லிக் குடுக்கப் போறேன்னு ஹட்டன் டிவிக்குப் போனாங்க, அங்க எவளோ ஒருத்தி தலைய ஆட்டி ஆளு வச்சி வெரட்டி வுட்டாளாம், அழுதுகிட்டே கண்டிக்கு அம்மா வூட்டுக்குப் பஸ் ஏறிட்டாங்க!"