நிற்கத் தெரிந்த கர்னல்

தென்காசிப் பக்கம் பட்டாளத்தில் சேராமல், துப்பாக்கியைத் தொடாமல், தீபாவளி வெடிக்குக்கூடக் காதைப் பொத்திக்கொண்டே கர்னல் ஆனவர் ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் அக்கா.

குற்றாலம் ரோட்டில் ஒரு பழக்கடையின் மாடியில் எங்கள் சாப்ட்வேர் கம்பெனி. அக்காவுக்குச் சொந்த ஊர் இலஞ்சி. கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்து மற்ற எல்லா புரோகிராம்களையும் மேய்க்கிற பகுதிக்கு 'கெர்னல்' என்று பெயர். அக்காவுக்குச் சோறும் தண்ணீரும் அதுதான். ஒருநாள் டீக்கடையில் நின்று போனில் கத்தினார்: "கெர்னல் பேனிக் ஆயி நின்னுட்டா? கடைசியா என்ன சொல்லிச்சு? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க!"

டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "பட்டாளத்து ஆளாம்மா? உசுரு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. திரும்ப எழுப்பிரலாம்."

மறுநாள் அந்த மனிதர் முருகன் கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார், கர்னல் நெற்றியில் பூசச் சொல்லி. அக்கா பயபக்தியோடு வாங்கி சர்வர் கம்ப்யூட்டரின் தலையில் பூசினார். அன்றிலிருந்து அக்காவே கர்னல்.

கம்ப்யூட்டர் நின்றால் நாங்கள் தலையில் கைவைப்போம். கர்னல் பாராட்டுவார். "ஒரு புரோகிராம் கிறுக்குத்தனம் பண்ணினா அதை மட்டும் வெளிய தள்ளிட்டு மத்ததை ஓட்டலாம். கெர்னலுக்குத் தன் ஞாபகத்து மேலயே சந்தேகம் வந்துட்டுன்னா? ஒரு அடி எடுத்து வைக்கப்படாது. என்ன நடந்துன்னு சொல்லிட்டு நின்னுரணும். என்ன ஒரு நேர்மைலே!" சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

ஆபீஸ் விழாவில் பாட வந்த கர்னலும் அப்படித்தான், பாதியில் நிறுத்தினார். "சுருதி போயிட்டு. எங்கன போச்சுன்னு சொல்லுதேன், பொறுங்க." விளக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பிரியாணி ஆறி, எங்கள் ஆசையும் ஆறியது.

சாரல் அடித்த ஒரு சனிக்கிழமை, நாங்கள் பார்த்துக்கொண்ட ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் சர்வர் நின்றது. எழுப்பினோம். மறுபடி நின்றது. முதலாளி அண்ணாச்சி மாடிப்படி அதிர ஏறிவந்தார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்காரன் என் கழுத்தைப் பிடிக்கான். அது நிக்காம ஓடுத மாதிரி எதையாவது மாத்திவிடு."

"கெர்னல்ல ஒரு வரி மாத்தினாப் போதும் அண்ணாச்சி. மாத்த மாட்டேன்."

"என்னது?"

"நெஞ்சு வலிக்குன்னு டிரைவர் பஸ்ஸை ஓரமா நிறுத்துதான். உள்ள இருக்கவங்க சத்தம் போடுதாங்கன்னு ஓட்டச் சொல்லுவீங்களா?"

"அப்பம் திங்கக்கிழமையில இருந்து நீ வர வேண்டாம்!"

"சரி அண்ணாச்சி. இன்னைக்கு இருக்கேன்லா, வேலை கெடக்கு."

உடனே ரத்த வங்கிக்குப் போன் போட்டார். "சிஸ்டர், நான் சொல்லுத வரைக்கும் எல்லாத்தையும் கையால எழுதுங்க. ரத்தம் குடுக்க முன்னாடி குரூப்பை இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிருங்க." பிறகு என்னை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு நனைந்தபடியே அங்கே போனார்.

சர்வர் நிற்கும் முன் திரையில் விட்டுப்போன வரிகளைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மெமரி போர்டு கெட்டுப்போச்சு. அழகாச் சொல்லியிருக்கு பாரு!" என்று திரையைத் தட்டிக்கொடுத்தார். வேறு போர்டு மாட்டினார். சர்வர் எழுந்தது. பதிவுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

கெட்ட போர்டை ஆபீசுக்குக் கொண்டுவந்து ஒரு பழைய மெஷினில் மாட்டினார். பதிவுகளின் நகலை ஏற்றி, அண்ணாச்சி கேட்ட அந்த ஒரு வரியை மாற்றி ஓடவிட்டார். அது நிற்காமல் ஓடியது. சற்று நேரத்தில், ஒரு நோயாளியின் ரத்த குரூப் இருந்த இடத்தில் வேறு எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வையைத் துடைத்தார். "ஏம்மா... காபி குடிச்சியா?" என்றார்.

எங்கள் ஆபீசில் வேலை நீக்க உத்தரவு ரத்தாவது இப்படித்தான்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது, கர்னல் ஒரு பை நிறைய மங்குஸ்தானோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் நகரும்போது ஜன்னலோடு நடந்துகொண்டே சொன்னார்: "ஏலே, அங்கன முடியலைன்னா முடியலைன்னு சொல்லிரு. வெக்கப்படாத. இங்கன வந்துரு."

இன்னும் போகவில்லை. அப்படிக் கூப்பிட ஒருவர் இருக்கிற தைரியத்தில்தான் இங்கே காலம் தள்ளுகிறேன்.