நான் தொட்டியில் விழவில்லை

என்றும் என் மரியாதைக்குரிய பெரியக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் நலம். ‘நலம்’ என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை; யோசித்து, அடிக்கோடிட்டே எழுதியிருக்கிறேன். உங்கள் மூட்டுவலியும் அத்தானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் முக்கியமான விஷயம். நான் சாகவில்லை. உங்கள் எதிர்வீட்டு அம்மாவின் மகள் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள், தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்கிறாள். ஆகவே நான் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்த செய்தி இதற்குள் உங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். நேற்றிலிருந்து உங்கள் வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படியுங்கள்.

போன தடவை இங்கே வந்தபோது நீங்கள் எங்கள் வாசல் பலகையைப் பார்த்துவிட்டு, “பல்துறைத் தகவல் தொடர்பு ஆராய்ச்சி மையம்னு போட்டிருக்கே, உள்ள என்னதான்டா செய்றீங்க?” என்று கேட்டீர்கள். நான் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். உண்மையில் மூன்று வருடத்தில் நாங்கள் செய்து முடித்திருந்தது அந்தப் பலகையைத்தான். பழைய வேதியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாலு அறை, ஒரே நடைபாதை. சுவர்களில் இன்னும் கை கழுவும் தொட்டிகள் இருக்கின்றன. என் மேஜையில் எதற்கும் இணைக்காத எரிவாயுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் இலக்கணக்காரன், இயக்குநர். அடுத்த அறையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். அவர் பேசுவது அவருக்கே கேட்காது என்பதால் டெசிபல் என்று பெயர். அதற்கடுத்து ஒரு டாக்டர். நோயாளி வீட்டாரிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று ஆராய்கிறவர். கடைசி அறையில் இருபது வருடம் பத்திரிகையில் இருந்துவிட்டு வந்த நிருபரம்மா. டெசிபலுக்குத் தகவல் தொடர்பு என்றால் கம்பி, டாக்டருக்குத் தோளில் கை வைப்பது, நிருபரம்மாவுக்கு நாளைக் காலைக்குள் முடிப்பது, எனக்கு எழுவாயும் பயனிலையும். இதில் டாக்டரும் நிருபரம்மாவும் ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற தகராறில் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அவர் சொல்வதை இவரிடமும் இவர் சொல்வதை அவரிடமும் எடுத்துப் போவதுதான் இயக்குநர் வேலை.

இந்த நிலையில் துணைவேந்தரிடமிருந்து கடிதம் வந்தது. பதினைந்து நாளில் ஆய்வுக்குழு வரும், மூன்று வருட வேலையைக் காட்டுங்கள், இல்லையென்றால் சாவியை ஒப்படையுங்கள் என்று. எங்கள் எழுத்தரம்மாதான் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, “காட்டறதுக்கு என்ன சார் இருக்கு? போர்டை வேணா கழட்டிக் காட்டலாம்” என்றார்.

நால்வரும் கூடி, அந்த இருவர் பேச்சும் என் வழியாகவே போய்வர, ஒரு சோதனை செய்வது என்று முடிவானது. ஒரு வாக்கியத்தை வாட்ச்மேனிடம் சொல்லிவிடுவது, அது துறை துறையாகப் போகும்போது எப்படி மாறுகிறது என்று பின்னாலேயே போய்க் குறித்துக்கொள்வது. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. டெசிபல் எழுதியது: “தொட்டி. 12 மணி.” டாக்டர் எழுதியது அரைப்பக்கம், முதல் நாலு வரி ஆறுதல். நிருபரம்மா “தொட்டிக்குள் என்ன?” என்று தலைப்பு மட்டும் கொடுத்தார். எழுவாய் இல்லாத வாக்கியத்தை என் மையத்திலிருந்து வெளியே விடமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். யாரை எழுவாயாகப் போடுவது என்று கேட்டார்கள். என்னையே போடுங்கள் என்றேன். அக்கா, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் சாவு என் கையாலேயே ஆரம்பித்தது.

“இன்று நண்பகல் இயக்குநர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடுவார்.”

இதை ஆய்வுக்குழு வரும் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் வாட்ச்மேனிடம் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு, நான் கட்டடத்தில் இருந்தால் சோதனை கெட்டுவிடும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு நடந்தது நிருபரம்மாவின் நோட்டில் இருக்கிறது. வாட்ச்மேன் கேன்டீனில், “டைரக்டர் தொட்டியப் பாக்கப் போறார்” என்றிருக்கிறார். கேன்டீன்காரர் நூலகத்தில், “தொட்டிய எட்டிப் பாக்கப் போனாராம்.” நூலகத்திலிருந்து கணக்குத் துறைக்குப் போகும்போது, “எட்டிப் பாத்ததுல கால் வழுக்கிருச்சாம்.” கணக்குத் துறைக்காரர்கள் துல்லியமானவர்கள், தொட்டியின் ஆழம் பன்னிரண்டு அடி என்று சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். விடுதியில், “யாரும் குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, உள்ள ஆள் இருக்கு.” பன்னிரண்டரை மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் தொட்டி, கால், ஆழம் எல்லாம் உதிர்ந்து, “டைரக்டர் போயிட்டார்” என்ற இரண்டே சொல் மிஞ்சியது. எழுவாய் கடைசி வரை பத்திரமாக இருந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த இரண்டு சொல்லை டாக்டர் கேட்டிருக்கிறார். தொட்டி இல்லாமல் வந்ததால் சோதனையோடு அவர் அதைச் சேர்க்கவே இல்லை. உடனே என் வீட்டுக்குப் போன். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இவள்தான் எடுத்தாள். கெட்ட செய்தியை ஆறு படியில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முறை. கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது முதல் படி.

“உங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?”

“முப்பத்தொரு வருஷமாத் தெரியும். என்ன பண்ணிட்டார்?”

“நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?”

“நின்னுட்டிருக்கேன். அவர்தான் உட்கார்ந்திருக்கார்.”

“அவர் உங்க மனசுல எப்பவும் உட்கார்ந்திருப்பார்மா.”

“மனசுல இல்லைங்க, சாப்பாட்டு மேஜையில. ரெண்டாந்தரம் சோறு கேட்டுட்டு உட்கார்ந்திருக்கார்.”

“அவரை உடனே மையத்துக்கு வரச் சொல்லுங்க” என்று டாக்டர் போனை வைத்துவிட்டார். இதற்கு ஏழாவது படி எதுவும் கிடையாது போலிருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன். வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல சல்யூட் அடித்து, “சார், உள்ள உங்களுக்குத்தான் கூட்டம் நடக்குது, சீக்கிரம் போங்க” என்றார். அரங்கத்தின் பின்கதவில் நிருபரம்மா என் சட்டையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் உள்ள நாற்காலி அடுக்கும் அறைக்குள் இழுத்துவிட்டார். டெசிபலும் உள்ளே நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு டாக்டரும் வந்து சேர்ந்தார்.

“பன்னெண்டரைக்கே எனக்கு வதந்தின்னு தெரியும் சார்” என்றார் நிருபரம்மா. “ஓடிட்டு இருக்கற சோதனையில கை வைக்கக் கூடாது இல்லையா, அதான் விட்டுட்டேன். ஆனா இப்ப நீங்க வெளிய வராதீங்க. ஆய்வுக்குழு முன்னாடியே துணைவேந்தர் சொல்லிட்டார். உங்க நினைவா மையத்தை நிரந்தரமாக்கறாராம்.”

“ரெண்டு நாள் போதும் சார்” என்றார் டாக்டர். “ஆர்டர்ல கையெழுத்து ஆகட்டும்.”

“திங்கக்கிழமை வரைக்கும்னா பாதுகாப்பு” என்றார் டெசிபல். மூன்று வருடத்தில் அவர் சொல்லி எனக்குத் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அது. டாக்டரும் நிருபரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மையம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு, நான் செத்தே இருக்க வேண்டும் என்பது.

ஒத்துக்கொண்டேன், அக்கா. பொய் சொல்வானேன். கிழிந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து என் இரங்கல் கூட்டத்தைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். நான் யார் மனதையும் புண்படுத்தியதில்லை என்றார் பதிவாளர்; போன மாதம்தான் நான் அவருக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதியிருந்தேன். வரலாற்றுத் துறைத் தலைவர், என் இரண்டு ஜன்னல் வைத்த மூலை அறையைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவு வரும் என்றும், தினமும் பார்க்க வசதியாக அது தன் துறைக்கே வந்தால் நல்லது என்றும் சொன்னார். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். பிறகு எங்கள் எழுத்தரம்மாவை மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

“சாருக்கு என்னைத் திட்டத் தெரியாது. அவர் கையெழுத்து இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டுந்தான் புரியும். இனிமே…” என்று ஆரம்பித்தவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

எழுந்துவிட்டேன். மூன்று பேரும் சட்டையைப் பிடித்தார்கள். “அவங்களுக்காவது சொல்லியிருக்கணும்யா” என்று உதறிவிட்டு நேராக மேடைக்குப் போனேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. “எல்லாரும் மன்னிக்கணும். நான் சாப்பிடப் போயிருந்தேன்” என்றுதான் வந்தது. எழுத்தரம்மா என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு, தன்னைத் திட்டத் தெரியாத என்னை மைக்கிலேயே திட்டினார். துணைவேந்தரின் முகத்தைப் பார்த்தால், ஒரு மனிதன் உயிரோடு இருப்பதைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட முடியுமா என்று இருந்தது.

ஆய்வுக்குழுத் தலைவி ஒல்லியான பொருளாதாரப் பேராசிரியர். அவர் மட்டும் அசையவில்லை. “ஒரு வாக்கியம், மூணரை மணி நேரம், ஒரு சாவு. இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். நிருபரம்மா நோட்டை நீட்டினார்; நாற்பத்தொரு பேர், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், நிமிடக் கணக்கோடு. டெசிபல் அதையே வரைபடமாக்கித் திரையில் போட்டார். டாக்டர் என் மனைவியோடு பேசியதை, தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துப் பேசினார். நான் ஓரமாக நின்றேன்.

குழு இருபது நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னது. மையம் இன்னும் ஐந்து வருடம் நடக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: தன் சாவுச் செய்தியே தனக்கு வந்து சேராத ஒருவர் தகவல் தொடர்பு மையத்துக்கு இயக்குநராக இருக்க வேண்டாம்.

அன்றைக்கு எனக்கு வலித்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் போனால், மூன்று பேரும் நிருபரம்மாவின் அறையில் ஒரே மேஜையைச் சுற்றி நின்று கட்டுரைக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். டெசிபல்கூடக் கத்தினார். நான் வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன், யாருக்கும் தெரியவில்லை. சத்தம் போடாமல் என் அறைக்கு வந்து விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எழுதி அனுப்பிவிட்டேன். நிருபரம்மா இயக்குநராகட்டும். நாங்கள் இருவரும் அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு ஆறு மாதம் தங்குவதாக உத்தேசம். மாடி அறையில் அத்தான் போட்டு வைத்திருக்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளை அப்புறப்படுத்தி வைக்கவும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, அதைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் வராதபடி, நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
உங்கள் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் அத்தான் போன் செய்தார். நான் செத்த செய்தி உங்கள் தெருவுக்கு வரவே இல்லையாம். வந்தது, நான் துணைவேந்தராகிவிட்டேன் என்ற செய்தியாம். நீங்கள் மூன்று தெருவுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லி, “சின்ன வயசுலயே எனக்குத் தெரியும்” என்று கண்கலங்கினீர்களாம். அத்தான் இரண்டு பேருக்கு வேலை போட்டுத் தருவதாக வாக்கே கொடுத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வருடத்தில் என்னைப் பற்றி நீங்கள் ஊரில் பெருமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை, அக்கா. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. “ஆமா அத்தான், கொஞ்சம் வேலை ஜாஸ்தி” என்று சொல்லி வைத்துவிட்டேன். துணைவேந்தர் ஆறு மாதம் அக்கா வீட்டு மாடியில் தங்கினால் நன்றாக இருக்காது, ஆகவே நாங்கள் வரவில்லை. ஓய்வு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவர எழுத்தரம்மாவை ஓடவிட்டிருக்கிறேன். நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க என் கை வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். நீங்களே கிழித்துவிடுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் நீங்கள் படிக்கவில்லை.