இல்லை என்று சொல்ல இடமில்லாத படிவம்

எனக்கு வெற்றுக் கட்டங்களைக் கண்டால் ஆகாது. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல் நாள் முழுக்க அவதிப்படுவேன். இந்தக் குணம்தான் ஒருநாள் டொரொன்ரோவில் அறுபது பேர் முன்னால் என் மானத்தை வாங்கியது.

அப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம். வேலை நிரந்தரமாகவில்லை. சர்வதேசக் காலநிலை மாநாட்டுக்குப் போகும் அறிக்கைக்காக, கனடாவின் வடக்கேயுள்ள பூர்வகுடி மக்களிடம் ஏரிகளையும் பனியையும் பற்றிக் கேட்டுப் பதிய வேண்டும். படிவம் தயாரித்தது நான். முதல் கேள்வி: 'உங்கள் அறிவை அறிக்கையில் பயன்படுத்தச் சம்மதமா?' ஆரம்பத்தில் 'ஆம்', 'இல்லை' என்றுதான் வைத்தேன். சோதித்தபோது, 'இல்லை'யை அழுத்தினால் பின்னால் நாற்பது கட்டங்கள் காலியாகின. பார்க்கச் சகிக்கவில்லை. 'சம்மதம்', 'முழுச் சம்மதம்' என்று மாற்றிவிட்டேன். (அறிக்கையின் முதல் அத்தியாயமே 'மறுக்கும் உரிமை'. அதற்கு எழுத்துப்பிழை பார்த்ததும் நான்தான்.)

அந்த மக்களை அழைத்து நடத்திய கூட்டத்தில் டோரீன் என்ற அவர்களின் பிரதிநிதி, ஐம்பது வயதிருக்கும், படிவத்தை நிரப்பக் கொடுத்த ரப்லெற்றை, அந்தத் தொடுதிரைப் பலகையை, உயர்த்திக் காட்டினார்.

"இல்லை என்று சொல்ல எங்கே அழுத்துவது?"

"விருப்பமில்லாவிட்டால் அப்படியே விடலாம்," என்றேன், மிக நிதானமாக.

"விட்டால் அடுத்த பக்கம் வருமா?"

"வராது."

"எங்கள் நிலத்தைக் கேட்டு வந்தவர்களும் இதே படிவத்தைத்தான் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் கம்பியூட்டர் இல்லை, அவ்வளவுதான்."

மண்டபமே சிரித்தது. என் மேலாளர் ரவி அண்ணை காதருகே குனிந்தார். "பிள்ளை, உந்தப் படிவத்தை உடன திருத்தும்."

"இப்பவோ அண்ணை? பெரிய திரையில எல்லாருக்கும் தெரியுது."

"தெரியட்டும். இந்தச் சனம் எழும்பிப் போனால் அறிக்கையும் இல்லை, உமக்கு வேலையும் இல்லை."

திருத்தினேன். 'இல்லை' சேர்ந்தது. கூடவே, அவசரத்தில் நான் எதையோ மாற்றி அழுத்தியதில், காலையில் பதிந்த அத்தனை பேருடைய பதிலும் 'இல்லை' ஆனது. திரை முழுக்க நூறு வீத மறுப்பு, சிவப்பில் (நிறத் தெரிவும் அடியேனுடையதுதான்). டோரீன் எழுந்து நின்று கைதட்டினார்.

"இப்போதுதான் இந்த இயந்திரத்தில் நம்பிக்கை வருகிறது."

பிறகு ரப்லெற்றுகளை மூடிவிட்டு, கடதாசியும் பேனையுமாக ஒவ்வொருவரிடமும் போய் வாயால் கேட்டேன். ஏரி முன்பு எப்போது உறைந்தது, இப்போது எங்கே கால் வைக்கக்கூடாது என்றெல்லாம் டோரீன் சொன்னார். மீன் கூடும் இடங்களின் வரைபடத்துக்கு மட்டும் "இல்லை" என்றார். சொல்லிவிட்டு, நான் அதை எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். வரைபடம் இருக்கவேண்டிய பக்கத்தில் 'பகிர மறுத்துள்ளனர்' என்ற ஒற்றை வரியோடு அறிக்கை மாநாட்டுக்குப் போனது. வேலை தப்பியது.

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த பிழை. இப்போது இடியப்பம் போடும்போதுகூட அம்மா, "சம்மதமோ, முழுச் சம்மதமோ?" என்றுதான் கேட்பார். போன மாதம் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது.

"பெடியனுக்கு ஸ்ரௌவ்வில் பக்கத்தில சொந்த வீடு. சம்மதமோ, முழுச் சம்மதமோ?"

"மற்ற பட்டன் எங்க அம்மா?"

அப்பா போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "அது உன்ர ஒஃபிசிலதான் பிள்ளை. இஞ்ச ஒண்டை அமத்தாட்டி அடுத்த பக்கம் வராது."

ஒரு மாதமாக நான் முதல் பக்கத்திலேயே நிற்கிறேன்.