காட்டேரிச் சீமாட்டிக்கு எதிராக நான் போட்ட இருபது

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் ஆகிவிடுவீர்கள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் மகன் மூன்று வயதில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அழுதானே, அன்றைக்கே சொன்னேன்: "இவன் தலையெழுத்து ஒரு மேஜையிலதான் தீர்மானமாகும், பாத்துக்க." நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவனுக்கு வரப்போகிற பெண்ணுக்குப் பல்லோடு ஏதோ சம்பந்தம் இருக்கும் என்றும் எனக்கு அப்போதே பட்டது. அதை நான் வாய்விட்டுச் சொல்லாததற்குக் காரணம், அந்த நேரத்தில் அவன் என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் நீ போனில் சொன்னதை ஒரு சொல் விடாமல் மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். "ஞாயித்துக்கெழமை ஆனா அந்தப் பல் டாக்டர் பொண்ணு ரத்தக் காட்டேரியா மாறிடுறாளாம்டா. சுத்தி உக்காந்திருக்கறவங்க எல்லாம் நடுங்குறாங்களாம். இவன் அதைப் பாத்துத்தான் மயங்கிக் கெடக்கான். பயமுறுத்தினா பயமுறுத்திட்டுப் போகட்டும். பொய் சொல்வாளா மாட்டாளா, அதை மட்டும் பாத்துட்டு வா. ஒரு பொய்க்காரரோட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, இன்னொண்ணு இந்த வீட்டுக்கு வேண்டாம்." (அத்தான் பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் படி.) உன் மகனோ "அம்மா வேணாம்னா வேணாம்தான்" என்று சொல்லிவிட்டு, லிப்ட் ரிப்பேர் செய்யப் போகிற கட்டடங்களில் எல்லாம் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் பெட்டியை நிறுத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். மொத்தத்தில் இரண்டு பேருடைய வாழ்க்கை என் கையில். தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு இது ஒரு பொறுப்பா? குழாய் அறையில்தான் இருந்தேன் என்று நீ சொல்வாய். குழாய் இல்லாமல் எவன் அக்கா தீயை அணைத்தான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இடம் அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரியேதான். அன்றைக்கு விடுமுறை என்பதால், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேஜை. ஜன்னலுக்குத் திரை. அலமாரியில் வரிசையாக வெள்ளை மாவில் செய்த தாடைகள், எல்லாம் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு. நான் பல் ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்துப் பதினோரு வருடம் ஆகிறது. பயத்தினால் இல்லை, நேரம் அமையவில்லை. அந்தப் பெண் வந்தாள். ஒல்லி, கண்ணாடி, மெதுவான குரல். "வாங்க மாமா" என்றாள், உரிமையை அவளே எடுத்துக்கொண்டு. அடுத்த வார்த்தை: "இடது பக்கம் கொஞ்சம் வீங்கியிருக்கே, எத்தனை நாளா?" நான் "அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலேயே ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதை சொல்லி ஆடுகிற ஆட்டம் அது. ஆடுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். உன் மகன். பஸ் ஓட்டுகிற ஓர் அம்மாள், ஆட்டத்தில் ஏழடி உயர வாள்வீராங்கனை. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், ஆட்டத்தில் மந்திரவாதி. மந்திரத்தைக்கூட நூலகத்தில் பேசுகிற மாதிரி காதோடு காதாகத்தான் சொல்வார். அந்தப் பெண்தான் கதையை நடத்துகிறவள். கோட்டை, பனி, குதிரை, காட்டேரி எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதை ஒரு பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடை. பெரிய எண் விழுந்தால் நல்லது. செயற்கைப் பல் செட்டு செய்கிற அதே பொருளில் அவளே வார்த்தது: ஈறு மாதிரி ரோஸ் நிறம், எண்கள் பல் மாதிரி வெள்ளை. கையில் எடுத்தால் யாரோ வாயிலிருந்து கழற்றிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. எல்லாருக்கும் அந்த ஒரே பகடைதான். பல் பிடுங்கும் குறடு வைக்கும் ஸ்டீல் தட்டில், அத்தனை பேர் கண்முன்னாலும் உருட்ட வேண்டும். "இங்க எண்ணை மாத்திச் சொல்ற வேலையே கிடையாது மாமா" என்றாள். அப்போதே மனதுக்குள் உனக்கு ஒரு வரி எழுதிவிட்டேன்.

எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் நான் ஒரு வயதான கோட்டைக் காவலாளி என்று இருந்தது. போகட்டும். கீழே, "துணிச்சல்: ஒன்று குறைவு." அக்கா, எனக்கு வந்ததே கோபம்! "இதை யாரு எழுதினது? முப்பது வருஷம் தீயணைப்பு நிலையம்!" என்றேன். "அது நீங்க இல்ல மாமா, காவலாளி." "காவலாளியா இருந்தா என்னம்மா, உள்ள நான்தானே இருக்கேன்?" பஸ் ஓட்டுகிற அம்மாள், "ஐயா, நான் ஏழடின்னு எழுதியிருக்கு, நான் எழுந்து நின்னு காட்டவா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

இப்போது காட்டேரிச் சீமாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது அந்தப் பெண்ணே எடுத்துக்கொள்ளும் வேஷம். அவளிடம் மூன்று சக்திகள் உண்டு. முதலாவது பார்வை: அவள் யாரைப் பார்க்கிறாளோ அவன் பகடையை உருட்டிக் குறைந்தது பதினைந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பயம் பிடித்து ஓடிவிடுவான். இரண்டாவது நடை: அவள் படியிறங்கினால் நாய் குரைக்காது, குதிரை கண்ணை மூடிக்கொள்ளும், விளக்கு தானாகச் சின்னதாகும். மூன்றாவது புன்னகை, அதுதான் எமன். பல்லைக் காட்டினால் எதிரே இருப்பவன் நின்ற இடத்தில் உறைந்துவிடுவான். சாதாரண ஆள் சொன்னால் இதெல்லாம் கட்டுக்கதை. இவள் டாக்டர் இல்லையா, "மேல் கோரைப்பல், ஈறுக்கு வெளியில பதினெட்டு மில்லிமீட்டர், நுனி கொஞ்சம் உள்பக்கம் வளைஞ்சிருக்கு" என்று சொன்னபோது நூலகக்காரர் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் அசையவில்லை. அலமாரியில் ஒரு தாடை அசைந்தது, சத்தியம்.

சீமாட்டி முதல் பார்வையை என்மேல்தான் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் முகத்தைக்கூட இல்லை, நேராக என் இடது தாடையைப் பார்த்தாள். பகடையை உருட்டினேன். நாலு. ஒன்று குறைத்தால் மூன்று. "காவலாளிக்கு பயம் வந்துடுச்சு. ஓடணும்." "எங்க?" "கோட்டைக்கு வெளில." "எதுவரைக்கும்?" "சூரியன் உதிக்கிற வரைக்கும் மாமா." சட்டம் என்றால் சட்டம். நான் பகடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கி, தெருவைத் தாண்டி எதிரே இருக்கிற துணி வெளுக்கும் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். மணி மூன்றே கால். விடிய இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது. அதற்கு வேண்டிய மனதைரியத்தைத் திரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் "துணி எங்க?" என்றார். "துணி இல்ல, எனக்கு பயம் வந்திருக்கு, காலைல போயிடுவேன்" என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். "மாமா! ஓட வேண்டியது காவலாளி, நீங்க இல்ல!" என்று உன் மகன் கத்தினான். "பகடையைக் குடுங்க, ஆட்டமே நின்னு போச்சு!" நான் ஒன்றும் தெரியாமல் வந்தேன் என்று நினைக்காதே. அந்தப் பெண் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றே வந்தேன். பஸ் ஓட்டுகிற அம்மாளை மெதுவாகக் கிளறினேன். அவள் சொன்னாள்: "போன மாசம் ஆட்டத்துல உங்க மருமகனோட ஆளு, ரெண்டு வருஷமா வளத்த ஆளுங்க, பாழுங்கிணத்துல விழுந்துட்டான். தப்பிக்கப் பதினொண்ணு வேணும். பத்து விழுந்துச்சு. இவரு கெஞ்சுறாரு. அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குது. ஆனா பத்து பத்துதான்னு சொல்லி ஆளைச் சாகடிச்சிருச்சு." கேட்டாயா அக்கா? கட்டிக்கப் போகிறவனுக்கு ஓர் எண் விட்டுக்கொடுக்காத பெண்! அரிச்சந்திரன் அவளிடம் பாடம் கேட்கணும். என் விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. மரியாதைக்காகத்தான் திரும்பவும் மாடி ஏறினேன்.

ஏறி உட்கார்ந்தால், நிலைமை மோசம். சீமாட்டி புன்னகை செய்துவிட்டாள். நான் உட்கார்ந்ததும் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக உருட்டினார்கள்: ஆறு, ஒன்பது, இரண்டு. மூவரும் உறைந்துபோனார்கள். புன்னகை படாதவன் ஒரே ஒருவன், கோட்டைக்கு வெளியே ஓடிப்போயிருந்த காவலாளி. இப்போது புரிகிறதா நான் ஏன் ஓடினேன் என்று? திட்டம்! கதையில் பொழுது விடிகிற நேரம்; காவலாளி உள்ளே நுழைந்து அவள் கண்ணைப் பார்த்து நின்றால் எல்லாருக்கும் விடுதலை. பயந்தால், மூன்று வருடமாக ஆடிய கதை அன்றோடு முடிந்தது. அந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்க மாட்டேன் என்று டிப்போவில் சண்டை போட்டு வந்த அம்மாள், "ஐயா, பாத்துப் போடுங்க" என்றாள். உன் மகன் என் முகத்தைப் பார்த்தான், நீ பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி.

சிங்கம்போல் உருட்டினேன். வேகத்தில் பகடை தட்டில் பட்டுத் தெறித்து, தரையில் உருண்டு, சுவரோர நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டது. இந்தப் பக்கம் நான் மண்டிபோட்டேன், அந்தப் பக்கம் அவள். இருபது! பச்சையாக, கொழுகொழுவென்று, இருபது! அவளே வெளியே தலையை நீட்டிச் சொன்னாள். அறையே எழுந்துவிட்டது. நூலகக்காரர் கத்தினார் அக்கா, வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கும். பஸ் ஓட்டுகிற அம்மாள் என்னை அரையடி தூக்கினாள். உன் மகன் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள், மூன்று வருடம் தோற்காத சீமாட்டி, தலையைக் குனிந்து "தோத்துட்டேன் மாமா" என்றாள். தோற்றதைத் தன் வாயால் சொல்கிறவளை நான் நம் குடும்பத்தில் பார்த்ததில்லை, உன்னையும் சேர்த்துத்தான். அந்த வேகத்திலேயே உள்ளே போய் அந்தச் சாயும் நாற்காலியில் நானே படுத்து வாயைத் திறந்தேன். இருபது போட்டவன் வேறு என்ன செய்ய முடியும்? "வலிக்காது மாமா" என்றாள். கடைவாய்ப் பல் போயிற்று. வலித்ததா என்று என்னைக் கேட்காதே.

ஆகவே அக்கா, யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடு. இந்தப் பெண் வாயில் பொய் நுழையாது. பையனிடம் இன்றைக்கே பேசு, லிப்டுக்காகக் காத்திருக்கிற ஜனங்களுக்காவது. அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் எல்லாப் பல்லோடும் நூறு வருடம் வாழ வேண்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே எழுதியதில் ஒரே ஓர் எண் மட்டும் நிஜமில்லை. நாற்காலிக்கு அடியில் பகடை காட்டியது இருபது இல்லை, மூன்று. வேறு எப்படியும் படிக்க முடியாத மூன்று. அவள் அதைப் பார்த்தாள். தரையில் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தாள், அது கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. என் கண்ணாடி மேஜைமேல் கிடந்ததால் எனக்கு எண் தெரிந்திருக்காது என்று நினைத்திருப்பாள். அது தூரத்துக்குப் போடுகிற கண்ணாடி என்று அவளுக்கு யார் சொன்னது? பகடையைச் சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டு "இருபது!"ன்னு சொன்னா, "வலிக்காது"ன்னு சொன்ன அதே குரல்ல. கட்டிக்கப் போறவனுக்கு ஒண்ணு குடுக்காதவ எனக்குப் பதினேழு குடுத்தா. அதனால நீ கேட்டதுக்கு உண்மையான பதில்: பொய் சொல்வா, கண்ணு இமைக்காம சொல்வா. தான் தோத்துப் போறதுக்குச் சொன்னா, அது ஒண்ணுதான் வித்தியாசம். இனிமே நீயே முடிவு பண்ணு. ஆனா அவளை மட்டும் குத்தம் சொல்லாத. வெளிய வந்து, "ஆமா ஆமா, இருபதேதான், நானும் பாத்தேன்"னு எல்லாருக்கும் முன்னாடி சாட்சி சொன்னவன் நான்.